கண்ணை மூடிக்கொண்டு பின்னியது

குரோஷே என்கிற கொக்கிப் பின்னல் பழக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடுத்த எடுப்பில் கம்பளி நூலைத் தொடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு தப்புப் போட்டுவிட்டால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கெட்டியான பருத்தி நூல் அப்படியில்லை. எத்தனை தடவை பிரித்தாலும் முகம் சுளிக்காது.

நீங்கள் என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன், இன்ஸ்பெக்டர். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. நாற்பத்திரண்டு வயதாகியும் பொடிசுதான். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. மருந்து புட்டிகளுக்கு மூடி போட்டுச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தேன். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே "தங்கச்சிய எங்க விடறதா உத்தேசம்?" என்று கேட்டார்கள். இருவரையும் வந்த வழியே அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும், பல்லில் கல் பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாகத் தெரிந்தது. காலையும் மாலையும் சொட்டு மருந்து. கண் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்: "ஏற்கெனவே ஓரத்துப் பார்வை கொஞ்சம் போயிருச்சும்மா. போனது திரும்பாது. மருந்த விட்டா வருஷம், ஒன்றரை வருஷத்துல முழுசாப் போயிடும். நீங்கதான் கண்ணும் கருத்துமா பாத்துக்கணும்."

அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

தனக்குத் தானே மருந்து விட்டுக்கொள்ள அவளுக்குக் கை நடுங்கும். நான்தான் விடுவேன். அவள் தலையை என் மடியில் வைத்துக் கண்ணைத் திறந்து காட்டுவாள். எரியும்போது என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அடுத்த வருஷம் எங்க ஆளுங்க வேற ஊர்ல புது ஆபீஸ் திறக்கறாங்க. திருத்தற பிரிவுக்கு என்னத்தான் பொறுப்பா போடறாங்களாம்."

"எத்தன மாசத்துக்கு?"

"மாசமா? இனிமே அங்கயேதான்க்கா. நீயும் கொஞ்சம் உனக்குன்னு இரேன். எனக்காகவே ஓடா தேஞ்சிட்ட."

நல்ல மனதோடுதான் சொன்னாள். நானும் நல்ல மனதோடுதான் கேட்டுக்கொண்டேன். எனக்கென்று எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அடுப்படியை ஒழித்துத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

அடுத்த வாரம் நூல்கடை மாடியில் நடக்கும் குரோஷே வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் சின்னப் பெண், வாய் ஓயாமல் பேசுவாள். எல்லோரும் மேசை விரிப்பு, பூ, குல்லா என்று கேட்டார்கள். நான், விரலால் தடவினால் தெரிகிற மாதிரி மேடு எழும்பும் பின்னல் வேண்டும் என்றேன். அதற்குப் பெயர் பாப்பிள் என்றாள். ஒரே கண்ணியில் கொக்கியை ஐந்து தடவை விட்டு, ஐந்தையும் பாதியில் நிறுத்தி, கொக்கியில் சேர்ந்த வளையங்களை ஒரே இழுப்பில் முடிய வேண்டும். அப்போது பட்டாணி அளவுக்குக் குமிழ் ஒன்று புடைக்கும்.

சொல்வதற்குச் சுலபம். முதல் இரண்டு வாரம் எனக்குக் குமிழ் எழும்பவே இல்லை, அமுங்கிப்போயிற்று. டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "குமிழ நீங்க இறுக்காதீங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற தையல இறுக்குங்க. தானா எழும்பிடும்." அப்படியே செய்தேன், எழும்பியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்னிப் பழகினேன். விரலுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமே.

உப்பு ஜாடிக்கு ஒரு குமிழ் வைத்த உறை. சர்க்கரைக்கு இரண்டு. அவள் அறைக் கதவின் கைப்பிடிக்கு மூன்று. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில், கடைசிப் படி வரும் இடத்தில் ஒரு வரிசை முழுக்கக் குமிழ், அவள் கால் இடறக்கூடாது என்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து அலமாரியில் மடித்து வைத்தேன். தேவை வந்தபிறகு ஓடுகிற ஆள் நான் இல்லை.

மருந்து புட்டியைத் திறந்து மூடுவது என் தொழிலோடு வந்த பழக்கம். தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்து, சிட்டிகை உப்புப் போட்டு வடிகட்டித்தான் மருந்துக்குப் பதில் அதில் ஊற்றினேன். அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு அவள் கண்ணில் பட்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"இப்பல்லாம் எரியவே இல்லையேக்கா" என்றாள் முதல் நாள்.

"நல்ல மருந்தா மாத்திக் குடுத்திருக்காங்கடி."

அவளுக்கு ஒரே சந்தோஷம். அழுத்தம் ஏறுவதைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றினார். நானும் மாற்றினேன். "ஒழுங்கா விடறீங்களா?" என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்றேன், அது உண்மை. அறுவைசிகிச்சை செய்து பார்க்கலாம் என்றபோது பொடிசு பயந்து அழுதாள். "பயமா இருந்தா வேண்டாம்டி" என்றேன். பிள்ளையைக் கட்டாயப்படுத்தி எனக்குப் பழக்கமில்லை.

புது ஆபீஸ் திறந்தபோது அவளுக்கு எழுத்துகள் தெரியவில்லை. அவள் வீட்டோடு இருந்தாள். அலமாரியிலிருந்து உறைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினேன். அவள் விரலால் தடவித் தடவி எண்ணினாள். "நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

போன மாதம் என் கைவேலையைப் படம் எடுத்துப்போக டீச்சர் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது.

"உங்க அக்கா மாதிரி யாரு வருவாங்க? கண்ணு தெரியாத தங்கச்சிக்குன்னு மொத நாளே சொல்லித்தான் சேந்தாங்க."

"எப்போ சேந்தா?"

"போன மழைக்கு முந்தின மழைக்காலம்."

அந்த மழைக்காலத்தில்தான் பொடிசு எழுநூறு பக்க அகராதி ஒன்றைத் தனியாளாகத் திருத்தி முடித்திருந்தாள்.

அன்று மாலை மருந்து விடும்போது என் மடியில் படுத்தபடி, "அக்கா, என் கண்ண நீ என் கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனா?" என்றாள். "என்னடி உளறற" என்றேன். மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது புட்டி அதன் இடத்தில் இல்லை. அவளும் இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒரு திருத்தம். அவள் தனியாகவே புட்டியைக் காட்ட மருந்துக்கடைக்குப் போனாள், அங்கிருந்து நான்கு தெரு தாண்டி உங்களிடம் வந்தாள் என்று இதில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். யாரோ கூட்டிவந்திருக்கிறார்கள். என் கையைப் பிடிக்காமல் அவளுக்கு வாசலைத் தாண்டத் தெரியாது.