வெருளியிடம் கேட்ட மன்னிப்பு

தெல்லிப்பழைக்குப் போகும் மினிபஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"என்ரை மனுசன்ரை தம்பி நேற்று எங்கடை தோட்டத்து வெருளியிட்டை மன்னிப்புக் கேட்டவர்."

"வெருளியிட்டையோ?"

"ஓம். காகம் வருதெண்டு, மனுசன்ரை பழைய சேட்டும் தொப்பியும் போட்டு நான்தான் அந்த வைக்கல் பொம்மையைச் செய்து வைச்சனான். வேலிச் சண்டையிலை ரெண்டு வருசமா அண்ணனும் தம்பியும் கதைக்கிறேல்லை. நேற்றுப் பொழுதுபடேக்கை தம்பி வந்து அதுக்குப் பின்னாலை நிண்டு, 'அண்ணை, பிழை என்ரைதான். இன்னும் எவ்வளவு நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கப்போறியள்?' எண்டு அழுறார்."

"நீங்கள் சொல்லேல்லையே?"

"சிரிப்பை அடக்கவே எனக்குப் பெரும்பாடு. கிணத்தடியிலை நிண்ட மனுசன் எல்லாத்தையும் கேட்டிட்டார். நேரை வந்து தம்பியின்ரை தோளிலை கையைப் போட்டு, 'உவன் வாய் திறக்கமாட்டான். என்னோடை கதை' எண்டார்."

மற்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பிறகு?"

"பிறகென்ன, மூண்டு பேரும் சிரிச்ச சிரிப்பிலை தோட்டத்திலை ஒரு காகமும் மிஞ்சேல்லை."