அறுபத்தொன்பதாவது ஆள்

தேவராஜா: ...இல்லை, 'சுமார்' எண்டு போடாதையும். 'றிஜெக்ட்' எண்டு போடும்.

சந்திரவதனா: ஆருக்கு?

தேவராஜா: முன் வரிசைக்கு. அஞ்சு பேருக்கும்.

சந்திரவதனா: ஒரேயடியாயோ? ஒராள் ஒராளாய்ப் பாக்கமாட்டீங்களே?

தேவராஜா: என்னத்தைப் பாக்கிறது? அவையின்ர ஒரே வேலை பந்து எறியிறவனைக் காப்பாத்துறது. எட்டு மட்சில முப்பத்தொரு தரம் அந்தப் பெடியன் நிலத்தில விழுந்து எழும்பியிருக்கிறான். கலியாண வீட்டு வாசலில பன்னீர் தெளிக்கிற மாதிரி எதிராளியை வாங்கோ வாங்கோ எண்டெல்லே உள்ள விடுகினம்.

சந்திரவதனா: பன்னீரையும் எழுதவோ?

தேவராஜா: விசர்க்கதை கதையாமல் எழுதும்.

சந்திரவதனா: நான் விசரிதான். இல்லாட்டில் கப் டே லீவு அண்டு, ஸ்பிரிங்வேல் சனம் முழுக்க ரீவியில குதிரைப் பந்தயம் பாத்துக்கொண்டிருக்கேக்க, நான் இருந்து அமெரிக்கன் ஃபுட்போலுக்கு அறிக்கை எழுதுவனே?

தேவராஜா: எனக்குக் கண் ஒப்பரேசன் செய்து எட்டு நாள். டொக்டர் ஸ்கிரீன் பாக்கவேண்டாம் எண்டிட்டார். பாக்க ஏலுமெண்டால் நானே எழுதிப்போடுவன்.

சந்திரவதனா: கண் ஆறினாப் பிறகு எழுதுங்கோவன்.

தேவராஜா: சீசனில பாதி முடிஞ்சுது. எட்டு மட்ச், ஆறு தோல்வி. பாதிச் சீசன் அறிக்கை இப்ப போகாட்டில் குடும்பக் குறூப்பில என்ன நினைப்பினம்?

சந்திரவதனா: அறுபத்தொரு பேர் அந்தக் குறூப்பில. ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. கட்டைவிரலைப் போட்டிட்டு அடுத்த அலுவலைப் பாக்குதுகள்.

தேவராஜா: கௌரிசங்கர் வாசிப்பான்.

சந்திரவதனா: ...ஓம். அவர் வாசிப்பார்தான்.

தேவராஜா: ஏன் இழுக்கிறீர்?

சந்திரவதனா: உங்கட தம்பிக்குக் கனடாவில வேற வேலை இல்லை எண்டு சொல்ல வந்தனான்.

தேவராஜா: அவன்ர பிள்ளையள் பாங்கில வேலை, பாங்கில வேலை எண்டு இருபது வருசம் எனக்குக் காது புளிக்கச் சொன்னவன். இப்ப எங்கட பிள்ளை அமெரிக்காவில ஒமாஹா பைசன்ஸ் அணியில நிக்கிறான். ஒரு கதையும் இல்லை, பேச்சும் இல்லை. வாசிக்கட்டும்.

சந்திரவதனா: அணியிலயோ? விளையாடுறது ஐம்பத்து மூண்டு பேர். பயிற்சிக்கு எண்டு கூட வைச்சிருக்கிறது பதினாறு பேர். அதில கடைசி ஆள் எங்கட பிள்ளை. அறுபத்தொன்பதாவது ஆள்.

தேவராஜா: அறுபத்தொன்பதோ அறுநூறோ, லிஸ்டில நிக்கிறான். உதைக்கிற பெடியன் ஒருத்தனுக்கு ஏலாமல் போனால் அடுத்தது எங்கட ஆரூரன். மெல்பேர்னில ஃபூட்டி, இந்த ஊர் ஃபுட்போல், விளையாடின காலுக்கு அங்க எவ்வளவு மரியாதை தெரியுமே?

சந்திரவதனா: தெரியும். பந்தைக் கையால விட்டு வானத்துக்கு உதைக்கிறது. எங்கட பின் வளவு வேலி மூண்டு தரம் முறிஞ்சது அதாலதான்.

தேவராஜா: அடுத்தது, பந்து எறியிறவன். குவாட்டர்பேக்.

சந்திரவதனா: றிஜெக்ட்.

தேவராஜா: பொறும். றீவேர்க். கையில குறை இல்லை, புத்தியிலதான். முப்பது வருசம் டன்டினோங் ஃபக்டரியில வார்ப்புச் சாமானைத் தட்டிப் பாத்து பாஸ், றீவேர்க், றிஜெக்ட் எண்டு ஒட்டி அனுப்பினவன் நான். திருத்தக்கூடியதைக் குப்பையில போடப்படாது.

சந்திரவதனா: பதினொரு பந்தை எதிராளியின்ர கையில எறிஞ்சவனைத் திருத்தலாமோ?

தேவராஜா: பதினொண்டு எண்டு உமக்கு ஆர் சொன்னது?

சந்திரவதனா: திங்கட்கிழமை விடிய ஆர் உங்களோட இருந்து பாக்கிறது? அந்த ஓடுற பெடியனுக்கு முழங்கால் வீங்கியிருக்கு, அதையும் மறைச்சு இறக்குறாங்கள். பிடிக்கிறவையில நெட்டையனுக்கு மட்டும் பாஸ் போடலாம். மற்ற ரெண்டும் கையில நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வந்ததுகள்.

தேவராஜா: ...உதை அப்பிடியே எழுதும்.

சந்திரவதனா: இஞ்சேருங்கோ, போன் அடிக்குது. தர்சினி. நான் குசினிக்குள்ள போய்க் கதைச்சிட்டு வாறன்.

தேவராஜா: ஏன், மகள் கதைக்கிறது எனக்குக் கேக்கப்படாதோ? ஸ்பீக்கரில போடும். தர்சினி, சொல்லு பிள்ளை.

தர்சினி: அம்மா, ஆர் யூ கமிங் டுடே ஓர் நொட்? அவன் காலையில இருந்து ரூமை விட்டு வெளியில வரேல்லை. சாப்பாடும் வேண்டாமாம். ஐ கான்ட் டூ திஸ் எனிமோர்.

தேவராஜா: ஆர் சாப்பிடேல்லை?

தர்சினி: ...அப்பா? ஸ்பீக்கரிலயோ இருக்கு?

சந்திரவதனா: நாய். அவையின்ர நாய் சாப்பிடேல்லையாம்.

தர்சினி: யெஸ். நாய். ஹீ இஸ்... சரியான கவலையில இருக்கு.

தேவராஜா: நாய்க்கு எப்ப தனி ரூம் குடுத்தனீங்கள்?

தர்சினி: அம்மா, நான் வைக்கிறன். பாய் அப்பா.

தேவராஜா: போன செவ்வாயும் இடியப்பம் அவிச்சுக்கொண்டு இஞ்ச இருந்து டார்னெய்ட் வரைக்கும் ஒரு மணித்தியாலம் கார் ஓடினனீர். அதுக்கு முதல் செவ்வாயும். அந்த நாய் இடியப்பமும் சொதியுமோ சாப்பிடுறது?

சந்திரவதனா: பேரப்பிள்ளையளுக்கு அவிச்சனான். நீங்கள் அறிக்கையைச் சொல்லுங்கோ. மதியம் தாண்டுது.

தேவராஜா: ம். இனி உதைக்கிறவை. டிரெவர். சீசன் தொடக்கத்தில தொடைத் தசை பிடிச்சு, ரெண்டு மட்ச் நொண்டி நொண்டி உதைச்சவன். நானும் நினைச்சன், இதோட ஆரூரன்ர வழி திறந்துது எண்டு. பேந்து பாத்தால் ஒரே கிழமையில மான்குட்டி மாதிரி ஓடுறான். எப்பிடி மாறினதோ தெரியாது.

சந்திரவதனா: எனக்குத் தெரியும்.

தேவராஜா: என்ன தெரியும்?

சந்திரவதனா: நான் கரம் டவுன்ஸ் கோயிலில அவனுக்கு அர்ச்சனை செய்தனான்.

தேவராஜா: ஆருக்கு?

சந்திரவதனா: டிரெவருக்கு.

தேவராஜா: ...டிரெவருக்கு அர்ச்சனையோ?

சந்திரவதனா: ஐயர் நட்சத்திரம் கேட்டவர். அணியின்ர பக்கத்தில பிறந்த திகதி கிடந்தது. பாத்துக்கொண்டு போனனான். ரேவதி நட்சத்திரம், மீன ராசி. பேரை ஐயர் ரெண்டு தரம் கேட்டுப்போட்டு, மூண்டாம் தரம் சரியாய்ச் சொன்னவர்.

தேவராஜா: உமக்கு மூளை கழண்டுபோச்சே? அவன் விழுந்தால்தானே எங்கட பிள்ளை எழும்புவான். எந்தத் தாய் போட்டிக்கு நிக்கிறவன்ர காலுக்கு அர்ச்சனை செய்வாள்?

சந்திரவதனா: நீங்கள் ஒவ்வொரு திங்களும் சோபாவில இருந்து 'முறியட்டும், முறியட்டும்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தீங்கள். அவனையும் ஒருத்தி பெத்துத்தானே விட்டிருக்கிறாள். அந்தப் பாவம் எங்கட பிள்ளையின்ர காலில விடியப்படாது எண்டுதான் செய்தனான்.

தேவராஜா: நல்லாய்ச் செய்தீர். பூ, பழம், தேங்காய் எல்லாம் வைச்சுப் பிள்ளையின்ர வழியை அடைச்சீர். சரி, எழுதும். டிரெவர், பாஸ்.

சந்திரவதனா: எழுதியாச்சு.

தேவராஜா: ஆரூரன், ஹோல்ட்.

சந்திரவதனா: அதென்ன புதிசாய் ஒண்டு?

தேவராஜா: பாசும் இல்லை, றிஜெக்டும் இல்லை. ஒரு பக்கமாய் எடுத்து வைக்கிறது. பிறகு பாத்து முடிவு சொல்லலாம். 'இரண்டாம் பாதியில் களமிறங்க வாய்ப்புண்டு' எண்டும் ஒரு வரி சேரும். என்ன, தட்டுற சத்தம் கேக்கேல்லையே.

சந்திரவதனா: நான் எழுதமாட்டன்.

தேவராஜா: ஏன்?

சந்திரவதனா: கை நோகுது.

தேவராஜா: ஐம்பத்து மூண்டு பேருக்கு எழுதேக்க நோகாத கை, சொந்தப் பிள்ளையின்ர பேர் வரேக்கயோ நோகுது? சரி, ஒண்டு கேக்கிறன். கௌரிசங்கர் நேற்று எனக்குப் போன் எடுத்தவன். தான் குறூப்பில ஒரு மெசேஜ் போட்டவனாம். அதை அழிச்சுக் கிடக்காம். அழிச்சது அட்மின் சந்திரவதனா எண்டு உம்மட பேரோட அங்கயே கிடக்காம்.

சந்திரவதனா: பேரோடயோ?

தேவராஜா: பேரோட. அறுபத்தொரு பேரும் பாக்க.

சந்திரவதனா: ஐயோ... அது எனக்குத் தெரியாது.

தேவராஜா: என்ன மெசேஜ் அது?

சந்திரவதனா: அவர் சொல்லேல்லையோ?

தேவராஜா: நீர் சொல்லும்.

சந்திரவதனா: 'அண்ணை, அணியின்ர லிஸ்டில ஆரூரன்ர பேரைக் காணேல்லையே' எண்டு போட்டிருந்தார். ஏசுறதெண்டால் இப்பவே ஏசுங்கோ. மூண்டு கிழமையாய் நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு எனக்கு ஏலாமல் கிடக்கு. அவனை நிப்பாட்டிப்போட்டாங்கள். டிரெவர்ர கால் சுகமாகின அடுத்த கிழமையே, இனி மேலதிகமாய் ஒரு ஆள் தேவையில்லை எண்டு அனுப்பிப்போட்டாங்கள். என்ர அர்ச்சனைதான் அவனுக்கு வினையாய் வந்தது. ஒவ்வொரு செவ்வாயும் கார் ஓடிக்கொண்டு போகேக்க அதைத்தான் நினைக்கிறன். பெத்த பிள்ளையை நானே கையைப் பிடிச்சு வெளியில விட்டமாதிரி.

தேவராஜா: டார்னெய்ட்டில நிக்கிறானோ?

சந்திரவதனா: ஓம். தர்சினி வீட்டில. நான்தான் எயார்போட்டில போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். ரெண்டு பை, ஒரு சோடிச் சப்பாத்து. அவ்வளவுதான்.

தேவராஜா: மெலிஞ்சிட்டானோ?

சந்திரவதனா: சாப்பிட்டால்தானே. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். வீட்டை வா எண்டால் வரமாட்டன் எண்டுறான். உங்கட பேர் எடுத்தால் எழும்பி அங்கால போறான். உங்களுக்கு எப்பிடி முகம் குடுக்கிறது எண்டு வெட்கம். நீங்கள் உலகம் முழுக்க அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தால் அவன் என்னெண்டு இந்த வாசலால வருவான்?

தேவராஜா: வெட்கம் எண்டு அவன் சொன்னவனோ?

சந்திரவதனா: அவன் ஒண்டும் சொல்லமாட்டான். தாய்க்குத் தெரியாதே? இந்தாங்கோ போன். நீங்களே எடுத்து, 'தம்பி, அப்பா ஒண்டும் சொல்லமாட்டன், வீட்டை வா' எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இண்டைக்கே வந்திடுவான்.

தேவராஜா: பிறகு எடுப்பம்.

சந்திரவதனா: பிறகு, பிறகு... ஐம்பத்து மூண்டு வெள்ளைக்காரப் பெடியளைப் பற்றி விடிய விடியக் கதைக்க ஏலும், பெத்த பிள்ளையோட ஒரு நிமிசம் கதைக்க ஏலாதோ? எடுங்கோ.

தேவராஜா: எடுத்தாலும் அவன் எடுக்கமாட்டான், சந்திரா.

சந்திரவதனா: எடுத்துப் பாக்காமல் எப்பிடித் தெரியும்?

தேவராஜா: பதினேழு தரம் எடுத்தனான்.

சந்திரவதனா: ...எப்ப?

தேவராஜா: அவனை நிப்பாட்டின அண்டு தொடக்கம். பஸ் ஸ்டாண்டில நிண்டு எடுப்பன், லைப்ரரி வாசலில நிண்டு எடுப்பன். அடிக்கும், அடிக்கும், நிண்டுபோகும்.

சந்திரவதனா: அப்ப உங்களுக்கு முதலே தெரியும்.

தேவராஜா: உமக்குத் தெரிய முதலே தெரியும். நிப்பாட்டின அண்டே அவன் எனக்கு ஒரேயொரு மெசேஜ் போட்டவன்.

சந்திரவதனா: தெரிஞ்சுகொண்டோ என்னை இதில இருத்தி வைச்சு, 'களமிறங்க வாய்ப்புண்டு' எண்டு எழுதச் சொன்னீங்கள்? நீங்களெல்லாம் ஒரு மனுசனே? நான் இஞ்ச நாயைச் சொல்லி, நோயைச் சொல்லி, நிண்ட இடத்தில பொய் சொல்லிக்கொண்டு திரியிறன்...

தேவராஜா: உமக்குத் தெரியாது எண்டு நினைச்சனான். அறிக்கை நிண்டால் நீர் ஏன் எண்டு கேட்பீர். கேட்டால் எல்லாத்தையும் சொல்லவேணும்.

சந்திரவதனா: என்ன எல்லாம்? அவனை நிப்பாட்டினது ஒண்டுதானே. இஞ்சேருங்கோ, கண்ணைக் கசக்காதேங்கோ. டொக்டர் தொடவேண்டாம் எண்டவர். என்ன எல்லாம்?

தேவராஜா: அவனுக்கு வெட்கம் இல்லை. என்னில கோபம்.

சந்திரவதனா: உங்களில ஏன் கோபம்? நீங்கள் இஞ்ச சோபாவில இருந்து கத்தினது ஒமாஹாவுக்குக் கேட்டதே?

தேவராஜா: நீர் அர்ச்சனைதானே செய்தனீர். சாமிக்கும் உமக்கும் மட்டும் தெரியும்... நான் அணியின்ர கோச்சுக்கு ஒரு ஈமெயில் போட்டனான். இப்ப சொன்ன மாதிரித்தான், ஐம்பத்து மூண்டு பேருக்கும் பாஸ், றீவேர்க், றிஜெக்ட் எண்டு போட்டு, டிரெவரை நிப்பாட்டிப்போட்டு ஆரூரனை இறக்கச் சொல்லி. கீழ 'ஆரூரனின் தந்தை' எண்டு பேரும் போட்டனான். அவனை நிப்பாட்டின அண்டு, கோச் அதைப் பயிற்சிக்கு முதல் எல்லாரையும் இருத்தி வைச்சு, ஒரு வரி விடாமல் வாசிப்பிச்சவராம்... ஆரூரனைக் கொண்டு.