துணையில்லாத ஒருவர் தேவை

காவாந்தண்டலம் கிராமத்தில் கேள்வி கேட்கப் போகிறவனுக்கு முதலில் மோர் கொடுத்துவிடுவார்கள், சார். நாலு வீடு முடிப்பதற்குள் வயிறு முட்டிவிடும். மனநல ஆய்வுக்கு அங்கே அது ஒன்றுதான் இடைஞ்சல் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

என் பெயர் கலைச்செல்வன். உத்திரமேரூர்க்காரன். உளவியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு பேராசிரியை நடத்தும் ஆய்வில் வேலை செய்கிறேன். அக்கம்பக்கத்து ஆதரவு உள்ளவர்கள் துக்கத்திலிருந்து எப்படி மீள்கிறார்கள், அது இல்லாதவர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இந்த இரண்டாவது வகை ஆள்தான் கிடைக்கவில்லை.

சிட்டம்மாள் மீது எனக்கு நம்பிக்கை இருந்தது. கூலி வேலை செய்பவர். புருஷன் செத்துப் போய்விட்டார். ஒரே மகள் இளவரசி வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சொல்வதற்குப் பதில் வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுத்தார். தெருவே ஓடி வந்தது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி குழம்புக் கரண்டியோடு வந்தார்.

“ஒண்ணுமில்லடி, இந்தப் புள்ளைக்குக் காட்டறதுக்கோசரம் கூப்ட்டேன்,” என்றார் சிட்டம்மாள்.

ஆதரவே இல்லாத ஒருவராவது வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது என்று பேராசிரியை சொல்லியிருந்தார். கண்டுபிடிக்கத்தான் சொன்னார், உண்டாக்கச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்த முயற்சி. அவர்மேல் பழி வரக்கூடாது.

அதிகம் சிரமப்படவில்லை. நூறு நாள் வேலையில் யார் யார் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறார்கள் என்று மேலே போட்டுக்கொடுப்பது சிட்டம்மாள்தான் என்று செவ்வந்தியிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களிடம் நான் போக வேண்டியிருக்கவில்லை. பிறகு சிட்டம்மாளின் போனைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, மகளின் நம்பரில் ஒரு எண்ணை மாற்றிவைத்தேன். கொஞ்ச நாள் பேசாமல், வந்து பார்க்காமல் இருந்தால்தான் அம்மாவின் மனசு தேறும் என்று இளவரசியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தது. சிட்டம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. “எல்லாரும் மூஞ்சத் திருப்பிக்கினு போறாளுங்கோ. நான் இன்னா பண்ணேன், நைனா?” என்று கேட்டார். அழுகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் ஒரு கோளாறு. அவர் தேற ஆரம்பித்துவிட்டார். தலை வாரிக்கொண்டார், சிரித்தார், எனக்குக் கேழ்வரகு அடை தட்டிவைத்தார். யாருமே இல்லாத ஒரு மனுஷி எப்படித் தேறமுடியும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவரையே கேட்டேன்.

“நீதான் வந்துகினு கீறியே, கண்ணு,” என்றார்.

ஆய்வைக் கெடுத்தது நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அன்றோடு அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். எதிர் வயலின் பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்து பார்ப்பதோடு சரி. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே வந்து நிற்பார். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார். அன்று காலையில் துணி துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்தார். கால் மடங்கிய விதத்திலேயே எலும்பு போய்விட்டது என்று தெரிந்தது. தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். முதலில் செவ்வந்தியைக் கூப்பிட்டார். பிறகு மகளை. அதற்குப் பிறகு வெகுநேரம் என்னைக் கூப்பிட்டார். இந்த வரிசை எங்கள் துறையில் மிக முக்கியம், சார். நான் எழுந்து போயிருந்தால் அது கிடைத்திருக்காது. வெயில் ஏறியபோது மனசு கேட்கவில்லைதான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் நம் மனசைப் பார்க்க முடியாது.

வெயில் சாய்ந்தபிறகு செவ்வந்தி வந்தார். சிட்டம்மாளைத் தூக்க ஆள் தேடிக் கொட்டகைக்கு ஓடி வந்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

“நீ காத்தாலேர்ந்து இங்கியேதான் கீறியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அது உனக்கோசரம் அடை சுட்டுச்சேடா,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

சிட்டம்மாள் பிழைத்துவிடுவார் என்று சொன்னீர்கள். நல்ல செய்தி. இனி நடக்க முடியாது என்பதும் தெரியும். ஒரு சின்ன வேண்டுகோள். செவ்வந்தி, இளவரசி, தெருப் பெண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களாமே. அவர்களைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே விடுங்கள். கடைசிக் கேள்விகள் பாக்கி இருக்கின்றன. இத்தனை மாதமாக அவர் மனசு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டது நான் ஒருவன்தானே, சார்.