தன் பேச்சைத் தானே கேட்ட கடிகாரம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, வேலிகோ அண்ணா அவர்களே, இந்த வாசகசாலை மண்டபம் கொள்ளாமல் படிக்கட்டு வரை நிறைந்திருக்கும் கீழ் நிலையத்து, மேல் நிலையத்து மின்துறைத் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒருவர் மறைந்த நாற்பதாம் நாளில் அழத்தான் வேண்டுமா? பொறியாளர் ஸ்நெஜானா பெய்ச்சேவாவை நினைத்து அழ என்னால் முடியவில்லையே! தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர் அவர். மாலையும் கையுமாக மாதா கோயில் வாசலில் நின்ற மாப்பிள்ளை வேலிகோ அண்ணன் கடிந்துகொண்டபோது என்ன சொன்னார்? "நேரத்தைக் காவல் காக்கிறதுதான்யா என் வேலை. அதுக்குக் கட்டுப்படுறது இல்ல!"

சிரியுங்கள், தோழர்களே, சிரியுங்கள்!

அந்தக் காவல் எப்படிப்பட்டது? ஒரு மெல்லிய கம்பி. அதன் வழியே நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் துடிப்புகளாக நொடிக்கு நொடி ஓடிவரும். தொடர் நேரக்குறி என்போம். நிலையத்துக் கடிகாரப் பெட்டி அதை உள்வாங்கித் தன்னைத் திருத்திக்கொண்டு, மறுவாய் வழியே பதிவுக் கருவிகளுக்கெல்லாம் ஊட்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் எந்த பிரேக்கர் எப்போது விழுந்தது என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி.

அந்தச் சாட்சி என்னைக் கழுவேற்றப் பார்த்தது! ஜூன் மாத இடிமழையில் பள்ளத்தாக்கு முழுவதும் இருண்டதே, நினைவிருக்கிறதா? அப்போது மேல் நிலையத்துக்கு நான் தலைவன், கீழ் நிலையத்துக்கு ஸ்நெஜானா. இரண்டு நிலையத்தாரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத காலம். பதிவுகளை ஒப்பிட்டார்கள், எங்கள் பிரேக்கர்தான் முதலில் விழுந்ததாகத் தெரிந்தது. தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வந்தது. என் வேலை போவது உறுதி என்று என் மனைவி சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "மின்னழுத்தம் கீழேயிருந்துதான் சரிஞ்சுது" என்று எங்கள் ஆட்கள் சத்தியம் செய்தார்கள். யார் கேட்டது?

ஸ்நெஜானா கேட்டார். நண்பகல் வானொலி மணியோடு தன் பெட்டியை ஒத்துப்பார்த்தார். மணி அடிக்கும் முன்பே பெட்டி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது! பின்பக்கம் திறந்தவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். சிரிப்பில் வார்த்தையே வரவில்லை.

"லியூபென், ஒக்காந்துக்கிட்டுக் கேளு. வெளியே போற வாயிலேருந்து ஒரு கம்பிய எடுத்து, உள்ளே வர்ற வாயிலேயே சொருகி வச்சிருக்காங்க! எங்க கடிகாரம் தான் சொல்றத தானே கேட்டுக்கிட்டு, 'சரி, சரி'ன்னு பச்சை விளக்கு காட்டிக்கிட்டு இருந்திருக்கு!"

"அப்போ... யாரு முதல்ல விழுந்தது?"

"நாங்கதான்டா, மடையா! வேற யாரு? கடிகாரம் முந்தி ஓடினதால, நாங்க பிந்தி விழுந்த மாதிரி பதிவாயிருக்கு!"

அதை அவர் மறைத்திருக்கலாமே! கம்பியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தால் எவருக்குத் தெரியும்? மறுநாள் குழுவின் முன் எழுந்து நின்றார். குழுத் தலைவர் தணிந்த குரலில் எச்சரித்தார்: "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதிட்டா அழிக்க முடியாது."

"அழியாத மையிலேயே எழுதுங்க. முதல்ல விழுந்தது எங்க பக்கம்."

என் வேலை தப்பியது. அவர் பதவி போனது. என் நிலையத்துக்கே உதவிப் பொறியாளராக அனுப்பினார்கள். பகைவரின் வாசலுக்கு அவர் எப்படி வந்தார் தெரியுமா? தட்டு நிறைய, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பானித்சாவோடு வந்தார்! "தின்னுங்கடா. விஷம் வைக்க நேரமில்ல, லேட்டாயிடுச்சு" என்றார். அன்றைக்கு உடைந்தது எங்கள் பகை. பிறகு இரு நிலையங்களுக்கும் ஒரே நேரக்குறியைக் கண்ணாடி இழையில் கொண்டுவந்தார். இழுத்தவர்கள் இரு நிலையத்து ஆட்களும் சேர்ந்துதான். அந்த வேலையில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இதோ முன்வரிசையில் வெட்கப்படுகிறார்கள், பாருங்கள்!

தோழர்களே! ஆற்றங்கரைச் சூரிய மின் நிலையம் இலையுதிர்காலத்தில் நம்மோடு இணைகிறது. அதன் கடிகாரத்துக்கு உள்ளே போகும் கம்பியையும் வெளியே வரும் கம்பியையும் இரு நிலையத்தாரும் கூடி நின்று சோதிப்போம். பிழை நம்முடையதென்றால், கேட்கும் முன்பே எழுந்து சொல்வோம். இது ஸ்நெஜானா பெய்ச்சேவாவின் பெயரால் நாம் செய்யும் சபதம்!

அவர் நினைவாகப் பகிர்ந்துண்ணும் கோதுமை வெந்து ஆறியிருக்கிறது. கோப்பைகளை எடுங்கள். முதல் துளி மண்ணுக்கு, அவருக்கு. மீதியைச் சிரித்துக்கொண்டே குடியுங்கள்!