பசுவுக்கு ஐந்தாவது கால்

காலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"பசுவுக்கு அஞ்சு கால் வரைஞ்சது அவுங்க. தண்டனை எம் புள்ளைக்கா?"

"என்னக்கா சொல்றீக?" என்றார் இளையவர்.

"பள்ளிக்கூடத்துல படப் புத்தகம் குடுத்துவுட்டாங்க. ஊட்டுல ரெண்டு பேருமா படிச்சோம். ஒரு பசுவுக்கு அஞ்சு கால் கண்ணு! செக்கிங்ல நாம ஓட்டைத் துணியில ஒட்டுவமே அம்புக்குறி ஸ்டிக்கர், அத எடுத்து எம் பொண்ணு அந்தக் கால் மேல ஒட்டிப்போட்டா."

"வாலாயிருக்கும்க்கா."

"வாலு தனியா ஆடிட்டிருக்குது!"

"டீச்சர் என்ன சொன்னாக?"

"புத்தகத்தைக் கெடுத்துட்டாளாம். இனிமே புத்தகமே தர மாட்டாங்களாம். தப்பைப் பாத்தும் ஒட்டாம வுட்டா நம்மளக் கம்பெனியில திட்டறாங்க. ஒட்டுனதுக்கு இவளத் திட்டறாங்க."

"விடுங்கக்கா. ரெண்டாங் கிளாஸ்தான."

"எப்படி வுடறது? 'தப்புத் தெரிஞ்சாலும் இனிமே சொல்ல மாட்டேம்மா'ங்கறா."

கம்பெனி நிறுத்தம் வந்தது. இளையவர் எழுந்தார். மூத்தவர் அசையவில்லை.

"நீ போ கண்ணு. நான் பள்ளிக்கூடம் வரைக்கும் போறேன்."