வெறும் தண்ணீரில் எழும்பிய மேடு

கையுறை போட்டால் எனக்குக் கை அரிக்கும். ஆய்வகத்தில் வெறுங்கையோடு வேலை செய்ததற்காக இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் மூன்று நாய்கள். மூன்றாவது மாடிப் படியில் ஏதோ ஒன்று தினமும் அசிங்கம் செய்துவிட்டுப் போனது. "மூணு தடவ மாட்டுற நாய் வெளிய போகணும்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் டிஎன்ஏ சென்சார் செய்கிற ஆள்.

சென்சாரில் ஒவ்வொரு நாய்க்கும் நகமளவு தங்கப் பட்டை ஒன்று. படியில் கிடந்ததை டப்பாவில் எடுத்துவந்து, கரைத்து அதன்மேல் விடுவேன். அந்த நாயின் டிஎன்ஏ துளி பட்டால் போதும், மின்னோட்டம் மாறி, திரையில் கோடு மேடாக எழும்பும். கூடவே வெறும் தண்ணீரையும் சோதிப்போம். அதில் கோடு படுத்தே கிடக்க வேண்டும்; எழும்பினால் டிஎன்ஏ வேறெங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

முதல் நாள், கீழ்வீட்டு டீச்சரின் கிழநாய் வாசலில் படுத்திருந்தது. ஜமீன்தார் என்று கூப்பிடுவோம். அதன் தலையைத் தடவிவிட்டு, அதே கையோடு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற இரண்டு பட்டைகளும் அசையவில்லை. ஜமீன்தார் பட்டையில் மேடு எழும்பியது. வெறும் தண்ணீரிலும் எழும்பியது.

தொழில் தெரிந்தவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். ஆனால் செயலாளர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "சார், நீங்க பெரிய ஆளு சார்" என்றார். ரிமோட்டைக்கூடத் தேடத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்கிற என் மனைவி, அன்று கேட்காமலே காபி கொடுத்தாள். தண்ணீரில் எழும்பிய மேட்டைத் திரையிலிருந்து அழித்துவிட்டேன்.

டீச்சர் வந்தார். "தம்பி, அவனுக்குப் பின்னங்கால் ரெண்டும் வராது. வாசப்படி தாண்டவே நான் தூக்கிவிடணும். மூணு மாடி எப்படிப்பா ஏறுவான்?"

"நான் சொல்லல டீச்சர். மெஷின் சொல்லுது."

அடுத்த இரண்டு முறையும் தடவிவிட்டுத்தான் போனேன். முதல் முடிவு தப்பு என்று ஆகிவிடக் கூடாதே.

மூன்று முறை மாட்டிய ஜமீன்தாரை நாய்க் காப்பகத்துக்கு என் காரில்தான் கொண்டுபோனோம். டீச்சருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வழியெல்லாம் ஜமீன்தார் என் கையை நக்கிக்கொண்டே வந்தது. "உன்னன்னா அவனுக்கு உசுருப்பா" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை அதே படியில் மறுபடி அசிங்கம் கிடந்தது. செயலாளர் டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

நீங்கள் கேட்பதால் ஒத்துக்கொள்கிறேன், மூன்று முடிவும் என் கை செய்ததுதான். ஆனால் சென்சார்மேல் பழி போடாதீர்கள். என் கையில் இருந்ததை அது ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

செயலாளரிடம் நாளைவரை அவகாசம் கேட்டிருக்கிறேன். மீதி இரண்டு நாய்களில் எதைத் தடவுவது என்று நன்றாக யோசிக்க வேண்டும். அநியாயமாக எதுவும் நடந்துவிடக் கூடாது பாருங்கள்.