பெட்டிக்காரர் வாரம்

— சத்தியமாச் சொல்றேன் பாப்பா, இதுல ஒரு வார்த்தை பொய்யிருந்தா, நான் செஞ்ச சவப்பெட்டியில என்னையே படுக்க வச்சு ஆணி அடிச்சிடு. இல்ல, ஆணி வேண்டாம், பலகை பொளந்துக்கும். திருகாணி போட்டு முறுக்கு.

— மாமா, நான் கதை கேக்க வரல. சரின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்.

— வார்த்தைதானே, குடுக்கறேன். அந்த மரத்தூளைத் தட்டிவிட்டு உக்காரு. அது வெறும் ஸ்டூலுதான், பயப்படாதே.

— எனக்கென்ன பயம். அது வந்து மாமா, தெருவில எல்லாக் கடைக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. ரொட்டிக்கடை, சலூன், செருப்புக்கடை, பூட்டுக்கடை, எல்லாரும். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ஒரு கடை விடாமச் சேந்தாத்தான் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியெல்லாம் நிறுத்தித் தெருவைச் சந்தைக்கு விடுவாங்களாம். நகராட்சியில கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. சனங்க காலாற நடந்து வரணும், கடை கடையா ஏறி இறங்கணும். ‘நம்ம ஊரு, நம்ம கடை.’

— அது உங்க அப்பா வச்ச பேரு.

— ஆமா. அவரு போயி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அவரு விட்ட இடத்துல இருந்து நான் எடுத்து நடத்தணும்னு பாக்கறேன்.

— திரைச்சீலைக் கடை எப்படி ஓடுது?

— எங்க ஓடுது. காலையில தொறந்தா துணியைத் தட்டறேன், மடிக்கறேன், திரும்பத் தட்டறேன். நேத்து ஒரு அம்மா வந்தாங்க. துணியைத் தடவிப் பாத்து, போன்ல படம் எடுத்துக்கிட்டு, ‘இதே கலரை வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்கம்மா’ன்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போறாங்க. அண்ணன் முடிவாச் சொல்லிட்டாரு. இந்தச் சனிக்கிழமைச் சந்தை வந்து நாலு பேரு படி ஏறினாத்தான் கடை. இல்லேன்னா கட்டடத்தை வித்துட்டு நான் அவரு வீட்டு மாடியில போயி இருக்கணுமாம். தினம் அண்ணி முகத்தைப் பாத்துக்கிட்டு.

— உங்க அண்ணி முகத்தை நானும் பாத்திருக்கேன். நல்ல கெட்டி மரம். இழைப்புளி ஏறாது.

— மாமா.

— சரி சரி. உனக்கு என் வார்த்தை வேணும். அதுக்கு முன்னாடி, உங்க அப்பா கடைக்காரங்க சங்கத் தலைவரா இருந்தப்போ நடந்ததைக் கேட்டுக்கோ.

— ‘வாரம் ஒரு கடை’ திட்டம்தானே. அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஊரே ஒண்ணா நின்னுச்சுன்னு சொல்லுவாரு.

— நின்னுச்சு, யாரு இல்லேன்னா. ஒவ்வொரு வாரமும் ஒரு கடையைப் பொறுக்குவாங்க. அந்த வாரம் ஊரே அங்கதான் வாங்கணும். வேணுமா வேண்டாமான்னு யோசிக்கக் கூடாது. மொதல்ல குடைக்கடை. மண்டையைப் பொளக்கற வெயில். எல்லாரும் ஆளுக்கொரு குடை வாங்கிட்டாங்க. வாங்கினதை விரிக்காட்டி கடைக்காரருக்கு மரியாதை இல்லேன்னு விரிச்சும் வச்சுட்டாங்க. தெருவே கும்மிருட்டு. காக்கா எல்லாம் பொழுது சாஞ்சுடுச்சுன்னு கூட்டுக்குப் போயிடுச்சு.

— காக்கா.

— பட்டப்பகல்ல தெருவிளக்கு போட்டாங்க பாப்பா. அடுத்து கண்ணாடிக்கடை. நல்ல கண்ணு இருக்கறவனும் கண்ணாடி போட்டான். பஸ் டிரைவர் ஆத்துக்கு நடுவுல வண்டியை நிறுத்தி, ‘கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குங்க’ன்னாரு. ஒருத்தரும் கோவிச்சுக்கல. உள்ளூர்க் கண்ணாடியாச்சே, எப்படிக் குறை சொல்றது? இறங்கி நீந்திப் போனாங்க.

— அப்பா இதெல்லாம் சொன்னதில்லையே.

— அவரு வெக்கப்பட்டிருப்பாரு, அவருக்கு நீச்சல் தெரியாது. பூட்டுக்கடை வாரத்துல சாவியெல்லாம் மாறிப் போயி, சலூன்காரர் யாரு வீட்டுலயோ நுழைஞ்சு, சாப்பிட்டு, கையைக் கழுவி, படுத்துத் தூங்கி எந்திரிச்சப்புறம்தான் அது தன் வீடு இல்லேன்னு தெரிஞ்சுதாம். அந்த வீட்டம்மாவுக்கும் அப்போதான் தெரிஞ்சுதாம்.

— சும்மா இருங்க மாமா. அவங்க ரெண்டு பேரும் இன்னும் இந்தத் தெருவிலதான் இருக்காங்க.

— அதனாலதான் பேரு சொல்லல. அப்புறம் பல் டாக்டர் வாரம். ஊரே ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கிக்கிச்சு. ஒரு மாசத்துக்கு இந்த ஊர்ல யாரு பேசினாலும் கூடவே விசில் சத்தம் வரும். இதோ பாரு, வாயைத் தொறக்கறேன். இந்தக் கடைவாய்ல ஒரு ஓட்டை தெரியுதா? ஆடாத பல்லு, அசையாத பல்லு. டாக்டர் பாவம், சங்கத்து உறுப்பினராச்சேன்னு குடுத்தேன். குடையும் வாங்கினேன், கண்ணாடியும் வாங்கினேன், பூட்டும் வாங்கினேன். ஒரு வாரம் தவறல நான்.

— நீங்க நல்லவரு மாமா. அப்பாவும் அதைத்தான் சொல்லுவாரு.

— அப்புறம் என் வாரம் வந்துச்சு.

— பெட்டி வாரமா மாமா?

— திங்கக்கிழமை கடையைத் தொறந்து, பெட்டியெல்லாம் துடைச்சு மெருகு போட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன். தெருவோட இந்தப் பக்கம் ஒரு ஆளு நடக்கல. எல்லாரும் எதிர்ப்பக்கம். கூட்டம் தாங்காம அங்க சாக்கடையில விழுந்து விழுந்து எந்திரிக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல.

— அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க மாமா. குடைன்னா வாங்கலாம். இது அப்படியா?

— குடையே இல்லாம வாழ்ந்து முடிச்சவங்க இருக்காங்க. கண்ணாடி போடாமப் போய்ச் சேந்தவங்க இருக்காங்க. இது எனக்குத் தேவைப்படாதுன்னு சொல்ற ஒரு ஆளை இந்தத் தெருவில கூட்டிட்டு வா, நான் இப்பவே கடையை இழுத்து மூடறேன்.

— சரி, விடுங்க.

— விடல, கேளு. சங்கம் கூடுச்சு. பெட்டிக்காரர் நம்ம ஆளு, அவரை மட்டும் விட்டுடக் கூடாதுன்னு எல்லாரும் ஒரே உருக்கம். ரொட்டிக்கடைக்காரர் சொன்னாரு, பெட்டியை நெட்டுக்குத்தலா நிறுத்தித் தட்டு அடிச்சா துணி அடுக்கலாமேன்னு. சலூன்காரர் சொன்னாரு, ஊர்ல யாராவது முடியாம இருந்தா கொஞ்சம் அனுசரிச்சுக்கச் சொல்லலாமேன்னு. ஒரு வயசானவரு வீட்டுக்கே போயிக் கேட்டுட்டாங்க.

— கேட்டாங்களா?

— மரியாதையாத்தான் கேட்டாங்க. அவரும் மரியாதையாத்தான் பதில் சொன்னாரு. ‘ஊருக்காகன்னா செய்யாம இருப்பேனா? இந்த வாரம் பேத்தி வர்றா. அடுத்த வாரம் பாக்கலாம்’ன்னாரு. அடுத்த வாரம் மிட்டாய்க்கடை வாரம். அதுக்கு மொத ஆளா அப்பவே துண்டு போட்டு வச்சுட்டாரு.

— சிரிக்க வைக்காதீங்க. அழுதுடுவேன் போலிருக்கு.

— அப்போதான் உங்க அப்பா எந்திரிச்சாரு. தலைவர்னா முன்னால நிக்கணும்னாரு. வாங்கறேன்னு சொல்லல, அதைக் கவனி. படுக்கறேன்னாரு. அவரு பெட்டியில படுத்திருக்கற மாதிரிப் படம் எடுத்துப் பத்திரிகையில போட்டா மத்தவங்களுக்குக் கூச்சம் தெளியுமாம். மத்தியானம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு வந்தாரு. இதோ, இங்கதான் படுத்தாரு. படம் பிடிக்கறவன் விளக்கு எடுத்துட்டு வர்றேன்னு போனான். நானும் வார்னிஷ் தீந்துடுச்சுன்னு வெளிய போயிட்டேன். நல்ல மெத்தை, நல்ல காத்து. மனுஷன் தூங்கிட்டாரு.

— ஐயோ.

— தெருவில போன எவனோ ஜன்னல் வழியாப் பாத்தான். தலைவர் போயிட்டாருன்னு கத்திட்டான். நான் திரும்பி வந்தா, ஜென்மத்துக்கும் இல்லாத கூட்டம் என் கடையில. மாலை, மேளம், ஒப்பாரி. உங்க அண்ணன் உங்க கடைச் சாவிக்கொத்தைத் தேடறான். அப்போ துணைத்தலைவரா இருந்த செருப்புக்கடைக்காரர் இந்த ஸ்டூல்மேல ஏறி, ‘கஞ்சன்னாலும் நல்ல மனுஷன், இன்னையில இருந்து இந்தப் பொறுப்பை நான் சுமக்கறேன்’னு ஆரம்பிச்சாரு. உள்ள இருந்து உங்க அப்பா, கண்ணைக்கூடத் தொறக்காம, ‘யாருடா கஞ்சன்’னாரு.

— அது அப்பாவேதான். அப்புறம்?

— ஓடினாங்க பாரு. செருப்புக்கடைக்காரர் செருப்பை விட்டுட்டு ஓடினாரு. அன்னைக்குச் சாயங்காலமே சங்கம் ரெண்டாப் போச்சு. திட்டத்தைச் சுருட்டி வச்சாச்சு. என் வாரத்தோட முடிஞ்சுது.

— பெட்டி எதுவும் விக்கலையா?

— அந்த வாரமும் இல்ல. அதுக்கப்புறம் வந்த எந்த வாரமும் இல்ல. இந்த வாசப்படி ஏறி எனக்கு ஒரு பெட்டி வேணும்னு கேட்ட உள்ளூர்க்காரன் ஒருத்தன் கிடையாது. யாராவது போயிட்டா எல்லாரும் சிட்டிக்கு வண்டி எடுத்துக்கிட்டு ஓடறாங்க. திரும்பி வர்றப்போ என் கடை வாசல்ல மட்டும் வேகமா ஓட்டறாங்க. அது ஒண்ணுதான் எனக்குக் காட்டற மரியாதை.

— பின்ன எப்படி மாமா இத்தனை வருஷமாக் கடையை வச்சிருக்கீங்க?

— மரத்தூள்ல கஞ்சி காய்ச்சிக் குடிக்கறேன். அதை விடு. நீ வந்த விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. நகத்தைக் கடிக்கறதை நிறுத்திட்டுச் சொல்லு.

— சொன்னேனே. சந்தையில நீங்களும் சேரணும்.

— சேரணும். அப்புறம்?

— அது வந்து மாமா... நான் சொல்லல, கூட்டத்துல பேசிக்கிட்டாங்க. சனிக்கிழமைன்னா குழந்தை குட்டியோட வருவாங்க. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நடப்பாங்க. பாக்கற இடமெல்லாம் கொஞ்சம் பாசிட்டிவா இருக்கணும்னு. அதனால உங்க ஜன்னலுக்கு மட்டும்...

— மூடிக்கணும்.

— மூடணும்னு இல்ல. ஒரு திரை. என் கடையில இருந்தே தர்றேன். பூப்போட்ட துணி, நல்ல கனமான துணி. வெளிய இருந்து பாத்தா பெட்டி தெரியாது, அவ்வளவுதான். பலகையிலயும் ‘மர வேலைப்பாடு’ன்னு மாத்தி எழுதினா நல்லா இருக்கும்னு சலூன்காரர் சொன்னாரு.

— ஒரு கடை விடாமச் சேரணும். சேந்தப்புறம் ஒரு கடை மட்டும் கண்ணுல படக் கூடாது.

— மாமா, என்னைத் திட்டிடுங்க. இது இல்லேன்னா அவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நீங்க இல்லேன்னா நகராட்சி ஒத்துக்காது. நடுவுல நான் நிக்கறேன். எனக்கு வேற வழி தெரியல.

— திரை சும்மாவா, விலைக்கா?

— என்ன மாமா இது. உங்ககிட்ட வாங்குவேனா? சும்மாத்தான்.

— அப்போ வேண்டாம். விலைக்குன்னா வாங்கிக்கறேன். அளவு எடுத்துக்கோ, டேப்பு அந்த ஆணியில தொங்குது. நம்ம ஊரு, நம்ம கடை.

— மாமா...

— அழாதே. வார்னிஷ் காயல, கண்ணீர் பட்டா வெள்ளையாப் பூத்துடும். நான் சேந்துட்டேன்னு போயிச் சொல்லு. பலகையையும் மாத்திக்கறேன். ஸ்டூல்மேல ஏறி மேல இருந்து அளவு எடு. திரைக்கம்பிக்கும் சேத்து எடு.

— உங்க தொழிலுக்கு இது அடியில்லையா?

— ஒரு அடியும் இல்ல.

— மாமா, ஒண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. அப்பாவுக்கு உங்ககிட்டதான் வந்திருக்கணும். அண்ணன் யாரையும் கேக்கல, நேரா சிட்டிக்குப் போயிட்டாரு. நானும் தடுக்கல.

— அதுக்கென்ன, எல்லாரும் செய்யறதுதானே. பெட்டி எப்படி இருந்துச்சு?

— எதுக்கு மாமா அது.

— தொழில்காரன் கேக்கறேன், சொல்லு. மறைக்காமச் சொல்லு.

— தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அந்த மாதிரி வேலையை நான் பாத்ததே இல்ல. மேல முகம் தெரியுது, அப்படி ஒரு மெருகு. மூடி போய் உக்கார்ற இடத்துல ஒரு காகிதம் நுழையாது. மூலையெல்லாம் உருட்டி விட்டிருக்காங்க, தூக்கறவங்க கைக்கு உறுத்தல. அப்பாவைப் பாத்தா படுத்துத் தூங்கற மாதிரியே இருந்துச்சு. பெரியம்மாகூடத் தொட்டுப் பாத்து, ‘சிட்டி வேலை சிட்டி வேலைதான், நம்ம ஊர்ல இதெல்லாம் எவன் செய்யறான்’னாங்க. எனக்கும் அப்போ அப்படித்தான் பட்டுச்சு மாமா. மன்னிச்சுக்குங்க.

— அந்த சிட்டிக் கடைக்குப் பெட்டி செஞ்சு அனுப்பறது நான்தான் பாப்பா.